தார் மெஷினுக்கு மேலே ஓடிய பைப்

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். இந்தக் கதையில் இருட்டே கிடையாது. நடந்தது பட்டப்பகலில். மாசி மாத வெயில். மணி பன்னிரண்டரை. சங்கரன்கோவிலில் ரயில் தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் இருந்த ஒரு தறி ஷெட். பார்த்தவன் குடிகாரனும் இல்லை, கோழையும் இல்லை. அவன் பெயர் காசி. லைசென்ஸ் வாங்கிய வயர்மேன். கண்ணுக்குத் தெரியாத கரண்டு ஒன்றுக்குப் பயப்படுவதே போதும், இதில் பேய் வேறு எதற்கு என்று மற்றவர்களைக் கிண்டல் செய்துகொண்டு திரிந்தவன்.

அப்படிப்பட்டவனுக்குத்தான் இது நடந்தது. கட்டுக்கதை என்று நினைக்கிறவர்கள் இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். வாசிக்கிறவர்கள், சுவரில் பைப் ஏதாவது ஓடினால் கொஞ்சம் தள்ளி உட்காருங்கள்.

வருஷம் 1982. ஷெட் கோமதிசங்கருடையது. பன்னிரண்டு தறி ஓடிய இடம். கோமதிசங்கர் எச்சில் கையால் காக்கா ஓட்டாத மனுஷன். ஷெட் கட்டியபோது வெளியூரிலிருந்து எவனோ ஒருத்தனை மலிவாகப் பிடித்துவந்து வயரிங் செய்யச் சொன்னார். அவன் வீட்டு லைட்டுக்குப் போடுகிற மெல்லிசு வயரை மோட்டாருக்குப் போட்டான். அதையும் ஒரே இரும்புப் பைப்புக்குள் கொத்தாகத் திணித்துவிட்டுப் போனான். பைப்புக்குள் போன வயரை யார் பார்க்கப் போகிறார்கள்?

வயருக்கு மேலே இருக்கிற உறை அதன் சட்டை மாதிரி. கம்பியின் தடிமன் எவ்வளவு கரண்டை இழுக்கலாம் என்பதைச் சொல்லும். சட்டையின் கிரேடு எவ்வளவு வோல்டேஜைத் தாங்கும் என்பதைச் சொல்லும். இரண்டும் வேறு வேறு. இருநூற்றைம்பது கிரேடு லைட்டுக்கும் ஃபேனுக்கும் சரி. மோட்டாருக்கு ஆயிரத்து நூறு கிரேடு போட வேண்டும். மட்டமான சட்டையும் முதல் நாள் நன்றாகத்தான் இருக்கும். பைப்புக்குள் காற்றுப் போகாமல், வயரோடு வயர் ஒட்டிக்கொண்டு, நாள் முழுக்கச் சூட்டில் வெந்தால் ஒரு நாள் வெடிக்கும். அது எந்த நாள் என்று பைப்புக்கு வெளியே நிற்கிறவர்களுக்குத் தெரியாது.

அந்த ஷெட்டில் பைப் லேசாகச் சுட்டது. வயர் வேகிற சூடு. தறி நாடாவுக்குள் வைக்கிற சின்னக் குச்சியில் நூல் சுற்றுவதைத் தார் சுற்றுவது என்பார்கள். தார் சுற்றுகிற பெண்கள் அந்தச் சூட்டை வேறு மாதிரி எடுத்துக்கொண்டார்கள். ஐப்பசி மழையில் சாயம் தோய்த்த நூல் கற்றை, சிட்டம் என்பார்கள், லேசில் காயாது. காயாத நூலைத் தாரில் சுற்ற முடியாது. தார் இல்லாமல் தறி ஓடாது. தார் மெஷினுக்கு மேலே, கையைத் தூக்கினால் எட்டுகிற உயரத்தில், கதகதவென்று ஒரு பைப் போனால் விடுவார்களா? ஈரச் சிட்டங்களை அதில் வரிசையாகத் தொங்கவிட்டார்கள். நன்றாகக் காய்ந்தது. கோமதியம்மன் கொடுத்த அடுப்பு என்று அதற்குப் பெயர்கூட வைத்தார்கள். கோமதிசங்கரும் பார்த்தார். கரிச்செலவு மிச்சம் என்று பேசாமல் இருந்துவிட்டார்.

ஒரு மழை நாளில் சட்டை வெடித்தது. பைப்புக்கு எர்த் கிடையாது. எர்த் கம்பி என்று ஒன்றைச் சுவரில் ஆணியடித்துச் சுற்றி வைத்திருந்தான் அந்தப் புண்ணியவான். ஈரத்தரையில் வெறுங்காலோடு நின்று, ஈரச் சிட்டத்தோடு பைப்பைத் தொட்ட பாலம்மாளைக் கரண்டு பிடித்துக்கொண்டது. பால் குடிக்கிற பெண் குழந்தைக்காரி. மெயின் சுவிட்சை அணைக்க ஓடினார்கள். பெட்டி பூட்டியிருந்தது. ராத்திரியில் யாரோ லைட்டைப் போட்டுச் சீட்டு விளையாடுகிறார்கள் என்று கோமதிசங்கர் பூட்டுப் போட்டிருந்தார். சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு மத்தியானச் சாப்பாட்டுக்குப் போயிருந்தார். அந்த இரும்புப் பெட்டியைத் தொட்டு உடைக்க ஒருத்தருக்கும் தைரியம் இல்லை.

சாவி வருகிற வரைக்கும் பாலம்மாளுக்கு உயிர் இருந்தது. கத்தக்கூட முடியவில்லை. பல்லைக் கிட்டித்துக்கொண்டு மூச்சை உள்ளே இழுக்கிற சத்தம் மட்டும் வந்துகொண்டே இருந்தது. ஸ்ஸ்... ஸ்ஸ்... என்று. பக்கத்து மெஷினில் தார் சுற்றிக்கொண்டிருந்த மீரா பீவி சொன்னது இது.

மின்சார வாரியத்துக்காரர்கள் வந்து கம்பத்திலேயே இணைப்பைப் பிடுங்கிவிட்டார்கள். வயரிங்கை அடியோடு மாற்றி, லைசென்ஸ் உள்ள ஆள் சோதித்துக் கையெழுத்துப் போட்டால்தான் கரண்டு என்று சொல்லிவிட்டார்கள். நியாயம்தான். இரண்டு வயர்மேன்கள் வந்தார்கள். இரண்டு பேரும் வேலையைப் பாதியில் விட்டுப் போனார்கள். ஏன் என்று சொல்லவில்லை. மாசியில் கோமதிசங்கர் காசியின் வீட்டுக்கே வந்துவிட்டார்.

"வே காசி, உமக்குக் கல்யாணம் ஆயிட்டுல்லா?"

"ஆயி வருசமாச்சே மொதலாளி."

"புள்ள?"

"இல்ல."

"அப்பம் பெஞ்சாதி சும்மாதான இருக்கா. பாலம்மா எடத்துக்கு அவளை அனுப்பும். வயரிங்க நீரே பாரும். உம்ம கையால செஞ்சா உமக்கும் மனசு நிம்மதியா இருக்கும்லா?"

கேட்டுக்கொண்டிருந்த ஆறுமுகத்தாய்க்கு வாயெல்லாம் பல். வீட்டில் தனியாகச் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவளுக்கு நாலு பேரோடு பேசிச் சிரித்து வேலை பார்க்க ஆசை. காசியும் சரியென்றான். அவனுக்குப் பெண்டாட்டி என்றால் உயிர். வெளியே காட்டிக்கொள்ள மாட்டான், அவ்வளவுதான்.

அந்த வேலையைச் செய்த மாதிரி அவன் வாழ்நாளில் வேறெந்த வேலையையும் செய்ததில்லை. இந்தப் பைப்புக்குப் பக்கத்தில்தான் நாளைக்கு ஆறுமுகத்தாய் நிற்கப்போகிறாள். பழைய வயரை உருவினான். உறை உருகிப் பைப்போடு ஒட்டிக் கிடந்தது. பைப்பைச் சுத்தமாகத் துடைத்து, வயர் வழுக்கிப் போகச் சாக்பீஸ் பொடி தூவி, ஆயிரத்து நூறு கிரேடு வயரைத் தனித்தனியாக இடம்விட்டு இழுத்தான். மோட்டார் உடம்பு சுடும் என்பதால் அதன் வாய்க்குள் போகிற இடத்தில் சூடு தாங்குகிற வயரைச் சேர்த்தான். கொல்லையில் குழி தோண்டி, கரியும் உப்பும் போட்டு ஒழுங்காக எர்த் இறக்கினான். மெயின் பெட்டியில் பூட்டு மாட்டுகிற வளையத்தை ரம்பம் வைத்து அறுத்து எறிந்தான்.

வெள்ளிக்கிழமை சோதனை.

மெக்கர் என்று ஒரு பெட்டி உண்டு. பக்கத்தில் கைப்பிடி இருக்கும். அதைச் சுற்றினால் பெட்டியே ஐநூறு வோல்ட் உண்டாக்கும். ஒரு முனையை வயரில் மாட்டி, இன்னொரு முனையைப் பைப்பில் மாட்டிச் சுற்ற வேண்டும். வயரின் சட்டை நல்லதாக இருந்தால் முள் கடைசி வரைக்கும் போய், படுத்துக் கிடக்கிற எட்டில் நிற்கும். அப்படியென்றால் வயருக்கும் பைப்புக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. முள் பூஜ்யத்துக்கு வந்தால் உள்ளே எங்கோ ஒட்டுகிறது. உயிருள்ள ஆள் இரண்டு முனையையும் பிடித்துக்கொண்டாலும் பூஜ்யத்துக்குத்தான் வரும். ஆளுக்குச் சுரீர் என்று அடிக்கவும் செய்யும்.

காசி தறிகளின் பக்கம் முதலில் பார்த்தான். எல்லாம் படுத்த எட்டு. திருப்தி. தார் மெஷின் பக்கம் வந்தான். முனைகளை மாட்டினான். மணி பன்னிரண்டரை. கைப்பிடியைச் சுற்றினான்.

முள் சடாரென்று பூஜ்யத்துக்கு வந்தது.

அதே நேரத்தில் அந்தச் சத்தம்.

ஸ்ஸ்...

காசி சுற்றுவதை நிறுத்தினான். சத்தமும் நின்றது. பல்லி என்று நினைத்தான். மறுபடியும் சுற்றினான்.

ஸ்ஸ்... ஸ்ஸ்...

சுற்றுகிற வேகத்துக்கு ஏற்ற மாதிரி அதுவும் வேகமாக வந்தது. நிறுத்தினால் நின்றது.

வேறு யாராவதாக இருந்தால் பெட்டியைப் போட்டுவிட்டு ஓடியிருப்பார்கள். காசிக்குத் தொழில் திமிர் உண்டு. புது வயரை உருவிப் பார்த்தான். சட்டையில் ஒரு கீறல் இல்லை. ஆனால் ஈரம்... அந்த ஓர் இடத்தில் மட்டும், ஒரு சாண் நீளத்துக்கு, வயர் நனைந்திருந்தது. விரலில் தொட்டான். சாய நிறம் ஒட்டியது.

அந்த ஒரு சாணுக்கு இரண்டு பக்கமும் வயர் காய்ந்து கிடந்தது.

வயரை எறிந்துவிட்டு வேறு வயரை வெட்டி இழுத்தான். சுற்றினான்.

பூஜ்யம்.

ஸ்ஸ்...

பைப்பில் கையை வைத்தான். கம்பத்தில் கரண்டு இல்லை. மூன்று மாதமாக இல்லை. ஆனால் பைப்...

கதகதவென்று இருந்தது.

ஒரு கை பிடிக்கிற அகலத்துக்கு மட்டும்.

அந்த நேரம் பார்த்து வாசலில் செருப்புச் சத்தம். கோமதிசங்கர்.

"என்னவே காட்டுது?"

"இந்த எடத்துல மட்டும் பூஜ்யம் காட்டுது மொதலாளி. வயரு நல்லாத்தான் இருக்கு. ஆனா... ஒரு சத்தம் வருது."

என்ன சத்தம் என்று அவர் கேட்கவில்லை. பைப் பக்கம் திரும்பிப் பார்க்கவும் இல்லை. துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

"எர்த் குழியில தண்ணி பத்தலியோ என்னமோ. போயி நாலு கொடம் ஊத்திட்டு வாரும்."

எர்த் குழிக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை என்று காசிக்குத் தெரியும். ஆனாலும் போனான். உள்ளே நிற்கப் பயமாக இருந்தது. பயந்தவனுக்கு யார் எந்தக் காரணத்தைச் சொன்னாலும் அது நல்ல காரணம்தான். கிணற்றில் இறைத்து இறைத்து ஊற்றினான். மூன்றாவது குடம் ஊற்றும்போது உள்ளே பேச்சுச் சத்தம் கேட்டது. ஆறுமுகத்தாய் சோறு கொண்டுவந்திருந்தாள்.

"வா தாயி. நீ வேலை பாக்கப்போற எடத்தப் பாரு. பயப்படாத, கரண்டே கெடையாது. இந்தா, இதைப் புடிச்சுப் பாரு. உம் புருசன் வேலை எப்பிடி இருக்குன்னு பாரு."

காசி குடத்தைப் போட்டுவிட்டு ஓடினான்.

ஆறுமுகத்தாய் கையைத் தூக்கிப் பைப்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். முகத்தில் சிரிப்பு.

"ஏங்க... கதகதன்னு இருக்கே."

"விடுட்டி!"

அவள் விடவில்லை.

சிரிப்பு அப்படியே நின்றது. கண் அகன்றது.

ஸ்ஸ்...

இந்த முறை அவள் வாயிலிருந்து வந்தது.

காசி பாய்ந்து இழுப்பதற்குள் கை தானாக விலகியது. அவள் உள்ளங்கையைப் பார்த்தாள். தன் கையை முதல்முறையாகப் பார்க்கிறவள் போலப் புரட்டிப் புரட்டிப் பார்த்தாள். ஒன்றுமில்லை என்றாள். கோமதிசங்கர் சுவரோடு சுவராக நின்றுகொண்டிருந்தார்.

"இப்பம் சுத்தும்" என்றார்.

காசி சுற்றினான். முள் நேராகப் போய்ப் படுத்த எட்டில் நின்றது. சத்தம் இல்லை. பைப் சில்லென்று இருந்தது.

சனிக்கிழமை இணைப்பு வந்தது. திங்கட்கிழமை ஆறுமுகத்தாய் வேலைக்குப் போனாள். முதல் நாளே பழகிய கை மாதிரி தார் சுற்றினாளாம். கோமதிசங்கர் காசியின் தோளைத் தட்டிக் கொடுத்தார். அவர் யாரையும் தொட்டுப் பேசி ஊரில் யாரும் பார்த்ததில்லை.

வீட்டில்தான் எல்லாம் மாறியது.

முதலில் சின்னச் சின்னதாக. உப்புப் பானை எங்கே இருக்கிறது என்று தேடினாள். தன் வீட்டுக் கொல்லைக் கதவில் இடித்துக்கொண்டாள். சோறு போடும்போது அவன் முகத்தைப் பார்க்காமல் தள்ளி நின்று போட்டாள். ராத்திரி பாயைத் தூக்கிக்கொண்டு அடுப்பங்கரையில் படுத்தாள். உடம்பு சரியில்லை என்றாள்.

ஒரு நாள் அடுப்பிலிருந்து சோற்றுப் பானையை வெறுங்கையால் இறக்கினாள். துணி பிடிக்கவில்லை. காசி பதறி எழுந்தான்.

"சுடலியா?"

"இல்ல அண்ணாச்சி."

சொன்ன பிறகு அவளே வாயைப் பொத்திக்கொண்டாள். கட்டின பெண்டாட்டி புருஷனை அண்ணாச்சி என்று கூப்பிட்டால் அவனுக்கு எப்படி இருக்கும்? காசி அவள் உள்ளங்கையை இழுத்துப் பார்த்தான். ஒரு கொப்புளம்கூட இல்லை.

அதற்குப் பிறகு கவனித்தான். வேலை முடிந்து அவள் நேராக வீட்டுக்கு வருவதில்லை. ஒரு நாள் பின்னாலேயே போனான். இரண்டு தெரு தள்ளி ஒரு வீட்டுக்குள் போனாள். தறிக்காரக் குருநாதனின் வீடு. செத்துப்போன பாலம்மாளின் புருஷன் அவன். வெளியே வந்தபோது ஆறுமுகத்தாயின் முகத்தில் அப்படி ஒரு நிறைவு. அவள் ரவிக்கையின் முன்பக்கம் நனைந்திருந்தது. பால்.

பிள்ளையே பெறாதவள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் காசி மெக்கரை வீட்டுக்குள் எடுத்துவந்தான். முதலில் தன் கைகளில் மாட்டிச் சுற்றிப் பார்த்தான். முள் பூஜ்யத்துக்கு வந்தது. சுரீர் என்று அடித்தது. பெட்டியில் கோளாறு இல்லை. பிறகு அவள் பக்கம் திரும்பினான். அவள் மறுக்கவில்லை. இரண்டு கையையும் நீட்டினாள்.

சுற்றினான்.

முள் படுத்த எட்டில் போய் நின்றது.

வேகமாகச் சுற்றினான். அவள் இமைக்கவில்லை. முள் அசையவில்லை. முனைகளை வெறும் காற்றில் தொங்கவிட்டால் எப்படிக் காட்டுமோ, அப்படிக் காட்டியது.

"இங்கன சுத்தி என்ன பிரயோசனம் அண்ணாச்சி?" என்றாள். "அங்கன போயிச் சுத்திப் பாருங்க."

ஷெட் சாவி, ஷெட்டுக்கு எதிர்வீட்டில் இருந்த மீரா பீவியிடம் இருக்கும். வாங்கித் திறந்தான். உள்ளே யாரும் இல்லை. பன்னிரண்டு தறியும் சும்மா நின்றன. மெயினை அணைத்தான். ஃபியூஸ் கட்டையையும் பிடுங்கிக் கீழே வைத்தான். தார் மெஷினுக்கு மேலே முனைகளை மாட்டினான்.

அரைச் சுற்று.

பூஜ்யம்.

ஸ்ஸ்...

இன்னொரு சுற்று.

"ஏங்க..."

காசி பைப்பையே பார்த்தான்.

"ஏங்க... சுத்தாதீங்க... வலிக்கு..."

அவன் பெண்டாட்டியின் குரல்.

பெட்டியைக் கீழே வைத்துவிட்டுப் பைப்பை இரண்டு கையாலும் எட்டிப் பிடித்துக்கொண்டு அழுதான். பைப் கதகதவென்று இருந்தது. இத்தனை நாளும் இதே பைப்புக்குள் கரண்டு ஓடியது. பன்னிரண்டு தறியும் ஓடின. அவன்தான் வயர் இழுத்தான், அவன்தான் கையெழுத்தும் போட்டான்.

வாசலில் மீரா பீவி நின்றுகொண்டிருந்தாள். அவளுக்கு எல்லாம் தெரிந்திருந்தது.

"காசிண்ணே, நான் முந்தியே சொல்லியிருக்கணும். பயந்துட்டேன். மொதலாளி ராயகிரியில ஒரு கோடாங்கிகிட்டப் போயிக் குறி கேட்டாரு. 'புடிச்சவ விடணும்னா இன்னொரு பொம்பளக் கை வந்து புடிக்கணும்'னு அவன் சொல்லிட்டான். மொதல்ல என்னையத்தான் கூப்பிட்டாரு. 'வா மீரா, இதைப் புடிச்சுப் பாரு'ன்னாரு. நான் கையைப் பின்னால கட்டிக்கிட்டு வெளிய ஓடியாந்துட்டேன். அதுக்கப்புறந்தான் பெஞ்சாதி உள்ள வயர்மேனாத் தேடுனாரு."

கோமதிசங்கரைப் போய் வெட்டலாம் என்று காசிக்குத் தோன்றியதாம். வெட்டினால் பைப்புக்குள் இருக்கிறவள் வந்துவிடுவாளா? ஒரு பெண் கை வேண்டும். அந்தக் கை அவன் வீட்டிலேயே இருந்தது.

வீட்டுக்கு வந்தான். அவள் கிளம்பிக்கொண்டிருந்தாள். குருநாதன் வீட்டுக்குப் போகிற நேரம்.

"வா" என்று கையைப் பிடித்தான்.

அவளுக்குப் புரிந்துவிட்டது. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"அண்ணாச்சி, வேண்டாம் அண்ணாச்சி. புள்ளைக்கு எட்டு மாசந்தான் ஆகுது. புட்டிப்பால் கொடுத்தாக் கக்குது. இப்பந்தான் ரெண்டு வாய் குடிக்குது. ஒரு வருசம் குடுங்க அண்ணாச்சி. அது சோறு திங்க ஆரம்பிக்கட்டும். நானே வந்து புடிச்சுக்கிடுதேன்."

"எம் பெஞ்சாதி உள்ள கெடக்கா."

"தெரியும். நான் கெடந்த எடம்லா அது. அவ புள்ள இல்லாதவ. அவ தாங்குவா அண்ணாச்சி. எம் புள்ளை தாங்காது."

காசி கல் நெஞ்சுக்காரன் இல்லை. ஆனால் அன்றைக்குக் கல்லாகத்தான் இருந்தான். தரதரவென்று இழுத்துக்கொண்டு போனான். தெருவே பார்த்தது. புருஷன் பெண்டாட்டி சண்டை என்று நினைத்துக்கொண்டார்கள். அடுத்த வீட்டு வம்பு நமக்கு எதற்கு என்று ஒதுங்கி வழிவிட்டார்கள். அவள் போகிற வழியெல்லாம் குருநாதன் வீட்டுப் பக்கமே திரும்பிப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

ஷெட்டுக்குள் தள்ளிக் கதவைச் சாத்தினான்.

அவள் விரல்களை மடக்கிக்கொண்டாள்.

ஒவ்வொரு விரலாகப் பிரித்தான்.

"அண்ணாச்சி..."

பைப்பில் வைத்து அழுத்தினான்.

ஸ்ஸ்...

ஸ்ஸ்...

அவள் துவண்டு அவன் மேல் சாய்ந்தாள். கண்ணைத் திறந்து பார்த்தாள்.

"ஏங்க... நாம எப்பம் இங்கன வந்தோம்?"

காசி அவளைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதான். ஆறுமுகத்தாய்தான். பைப்புக்குள் கிடந்தது எதுவும் அவளுக்கு நினைவில்லை. சோறு கொண்டுவந்தது மட்டும் ஞாபகம் இருந்தது. அன்று வீட்டில் சோற்றுப் பானையைத் தொட்டுவிட்டுக் கையை உதறினாள். சுடுகிறது என்றாள். அந்த ஒரு வார்த்தையைக் கேட்டு அவன் அவ்வளவு சந்தோஷப்பட்டான். அவளை அதற்குப் பிறகு வேலைக்கு அனுப்பவில்லை. குருநாதன் வீடு இருக்கிற தெருப் பக்கமும் அவளைப் போகவிடவில்லை.

குருநாதன் இரண்டு தடவை தேடி வந்தான்.

"ஒங்க வீட்ல ஏன் வரலை காசி? அவங்க கொடுத்தாத்தான் புள்ளை குடிக்குது. ஒரு தடவை வந்துட்டுப் போகச் சொல்லும்."

"அவளுக்குக் காய்ச்சல்" என்றான் காசி. இரண்டாவது தடவை கதவையே திறக்கவில்லை.

வெள்ளிக்கிழமை பிள்ளை செத்துப்போனது. பால் குடிக்காமல் செத்தது என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். காசியும் அப்படித்தான் நினைத்தான். ஒரு பிள்ளையின் பாவத்தைத் தலையில் சுமந்தாகிவிட்டது, இனி அழுது என்ன ஆகப்போகிறது என்று மனசைத் தேற்றிக்கொண்டான். பாலம்மாள் பைப்புக்குள் இருக்கிறாள், ஆறுமுகத்தாய் வீட்டில் இருக்கிறாள். அந்தக் கணக்கில் அவன் நிம்மதியாகத் தூங்கவும் செய்தான்.

பங்குனி பிறந்த பிறகு ஒரு நாள் ரயில்வே கேட் பக்கத்து டீக்கடையில் குருநாதனைப் பார்த்தான். தப்பிக்க வழியில்லை. குருநாதன் சண்டை போடவில்லை. பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். இளைத்துப் பாதியாகியிருந்தான்.

"காசி, நீரு கரண்டு வேலை தெரிஞ்சவரு. உம்மகிட்ட ஒண்ணு கேக்கேன்."

"கேளும்."

"அன்னைக்கு மத்தியானம் வரைக்கும் புள்ளை அழுதுக்கிட்டேதான் கெடந்தது. பன்னெண்டரை மணி இருக்கும். திடீர்னு அழுகைய நிப்பாட்டிச்சு. சிரிச்சுது. தொட்டில்ல கெடந்தபடி மேல பாத்துக் கையை நீட்டிச்சு. யாரோ தூக்க வந்த மாதிரி. அப்புறம்... ஸ்ஸ்னு மூச்சை இழுத்துச்சு. அவ்வளவுதான்."

காசி டீ கிளாஸைக் கீழே வைத்தான்.

"குளிப்பாட்டும்போது பாத்தேன்" என்றான் குருநாதன். தன் உள்ளங்கையை விரித்து, குறுக்கே விரலால் ஒரு கோடு இழுத்துக் காட்டினான். "இங்கன கருகியிருந்துச்சு. பைப்பப் புடிச்ச மாதிரி. எங்க வீட்ல கரண்டே கெடையாதுவே. எட்டு மாசப் புள்ளை எங்கன போயி எதைப் புடிச்சிருக்கும்?"

காசி தெரியாது என்று தலையை ஆட்டினான். தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் பன்னிரண்டு தறியும் ஓடுகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. இன்னொரு பொம்பளைக் கை வந்து பிடித்தால்தான் பிடித்தவள் விடுவாள். அந்தக் கை எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும் என்று கோடாங்கி சொல்லவில்லை. அதற்குப் பிறகு காசி அந்தப் பைப்பில் மெக்கரை மாட்டவே இல்லை. மாட்டிச் சுற்றினால் எந்தக் குரல் கேட்கும் என்று அவனுக்குத் தெரியும்.